தலையெழுத்து 229

போகியன்று மாலை அம்மாவின் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். மார்கழி முழுக்க, விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் அம்மா அதைப் படம் எடுத்துவிடுவாள். பால்காரரின் சைக்கிள் ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்த ஆண்டு மார்கழிக்கு 29 நாள், 29 கோலம். முந்தைய ஆண்டுப் படங்கள் லேப்டாப்பில் இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டு இடம் பண்ணலாம் என்று நினைத்தேன். கேமராவோ எல்லா ஆண்டும் ஒரே பெயரில்தான் ஃபோல்டர் உண்டாக்குகிறது. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல், இரண்டிலும் அதே பெயர். தப்பான ஜன்னலில் டெலீட்டை அழுத்தினேன். அழுத்தியது தெரியாமலே கார்டைக் கழற்றிக் கேமராவில் போட்டுவைத்தேன்.

மறுநாள் பொங்கல். வாசலில் பானையும் கரும்பும் வைத்த கோலம். அம்மா வழக்கம்போலப் படம் எடுத்தாள். சாயங்காலம் அத்தை வந்திருந்தபோது மார்கழிக் கோலங்களைக் காட்டுவதற்காகக் கேமராவைத் திறந்தவள், பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள்.

“என்னடி இது, பொங்கல் கோலம் மட்டுந்தான் இருக்கு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரின் சொந்த டிரைவிலிருந்து அழித்தால் விண்டோஸின் குப்பைக்கூடையில் போய் விழும், எடுத்துக்கொள்ளலாம். மெமரி கார்டு, பென்டிரைவ் போலக் கழற்றி மாட்டும் பொருள்களுக்கு அந்தக் கூடை கிடையாது. அழித்தால் அழித்ததுதான் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதை அடுத்த இரண்டு இரவுகளில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது ஓர் எண். அதன் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது இன்றைக்கே தேவைப்படலாம். கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து, அதன் இடப்பக்க ஓரத்தில் இருக்கும் நகக்கண் அளவுப் பூட்டைக் கீழே தள்ளினேன். ‘இனி இதில் எதுவும் எழுதாதே’ என்று கருவிக்குச் சொல்லும் பூட்டு அது. அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்கவில்லை, ஒரு கோப்புகூட அதில் போடவில்லை. மீட்பதில் பாதி வேலை இப்படிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான்.

அம்மாவின் கார்டைத் தொடுவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பழைய பென்டிரைவ் ஒன்றை எடுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘கோலம்’ என்று பெயரிட்டு ஒரு சின்ன உரைக்கோப்பைப் போட்டேன். பிறகு அதை அழித்தேன். ஹெக்ஸ் எடிட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு, இலவசமாகவே கிடைக்கும். கோப்பு, ஃபோல்டர் என்ற வேஷமெல்லாம் களைந்து, டிரைவில் உண்மையில் என்ன எண்கள் எழுதியிருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். அதில் பென்டிரைவைத் திறந்து பெயர்ப்பட்டியல் இருக்கும் இடத்துக்குப் போனேன். அழித்த கோப்பின் பதிவு அங்கேயே இருந்தது. எந்தத் தேதியில் எழுதினேன், எத்தனை பைட், எந்த இடத்தில் தொடங்குகிறது, எல்லாம் இருந்தன. பெயர்கூட இருந்தது. ஆங்கிலத்தில் கோலத்துக்கு ஐந்து எழுத்து. பின்னால் உள்ள நான்கும் அப்படியே நின்றன. முதல் எழுத்தான ‘கே’யைக் குறிக்கும் 75 என்ற எண் மட்டும் போய், அந்த இடத்தில் 229 உட்கார்ந்திருந்தது.

கோலத்தின் தலை போனால் மிஞ்சுவது ஓலம். திரையில் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கோப்பை அழிப்பதென்றால் இவ்வளவுதான். தலையெழுத்தை மாற்றி எழுதுவது. நம் பேச்சில் தலையெழுத்து என்றால் விதி. இங்கே அது சொல்லுக்குச் சொல் உண்மை. பெயரின் தலைமாட்டில் 229 விழுந்துவிட்டால் அந்தக் கோப்பு இல்லை என்று கம்ப்யூட்டர் நம்பும். கோப்பின் உள்ளடக்கத்தைப் போய்த் தொடவே தொடாது. ஊராட்சிப் பதிவேட்டில் ஒரு வீட்டைக் ‘காலி மனை’ என்று எழுதிவிட்ட மாதிரி. வீடு நிற்கும், உள்ளே விளக்குகூட எரிந்துகொண்டிருக்கும். வேறு யாருக்காவது அந்த மனையை ஒதுக்கி, அவர்கள் கடப்பாரையோடு வரும்வரை எதுவும் இடிவதில்லை.

ஏன் 229? ஏன் பூஜ்யம் இல்லை, 255 இல்லை? இந்தக் கேள்விதான் என்னை 1973-க்கு இழுத்துக்கொண்டு போனது.

அந்த ஆண்டு ஐபிஎம் நிறுவனம் 3740 என்ற தரவுப் பதிவுக் கருவியை வெளியிட்டது. துளையிட்ட அட்டைகளில் எண்களைக் குத்திக்கொண்டிருந்த அலுவலகங்கள், அதற்குப் பதிலாக எட்டு அங்குலக் காந்தத் தட்டில் எழுதிக்கொள்ள வந்த கருவி. நம்மில் ஐந்தே கால் அங்குல ஃபிளாப்பியைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். இது அதற்கு அப்பன், சாப்பாட்டுத் தட்டளவு அகலம். ஒரு தட்டில் 77 தடங்கள், ஒரு தடத்தில் 26 பிரிவுகள், ஒரு பிரிவில் 128 பைட். பெருக்கினால் 2,56,256 பைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அதில் அடங்காது. புதுத் தட்டை வேலைக்குத் தயாராக்கும்போது எல்லாப் பிரிவுகளிலும் ஏதாவது ஒரு எண்ணை நிரப்பிவைக்க வேண்டும். நிரப்பிய எண் 229. கணினிக்காரர்கள் எழுதும் பதினாறடிமான முறையில் அதை ‘ஈ5’ என்பார்கள். வயலில் நாற்று நடுவதற்கு முன் தண்ணீர் கட்டுகிற மாதிரி, தட்டு முழுக்க 229. ஆக, பிறக்கும்போது இந்த எண்ணுக்கு ‘அழிந்தது’ என்ற பொருளே கிடையாது. ‘இன்னும் யாரும் எழுதவில்லை’ என்பதுதான் அதன் முதல் பொருள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1974-இல், கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான பசிஃபிக் குரோவில் கேரி கில்டால் என்பவர் சிபிஎம் என்ற இயங்குதளத்தை எழுதினார். சின்னக் கணினிகளுக்கும் இந்த எட்டு அங்குலத் தட்டுகளுக்கும் நடுவே நின்று, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருள். ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு. பதிவின் முதல் பைட்டில் 229 இருந்தால் ‘இந்த இடம் காலி’ என்று பொருள் வைத்தார். புதுத் தட்டு முழுக்க ஏற்கெனவே 229தான் இருக்கிறது. அப்படியானால் அது தானாகவே காலிப் பட்டியலாகிவிடும், தனியாக எதுவும் எழுத வேண்டாம். கோப்பை அழிக்க வேண்டுமா? முதல் பைட்டில் மறுபடி 229 போட்டுவிடு, போதும். ஒரு பைட் வேலைக்காக மொத்தக் கோப்பையும் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்க அந்தக் காலத்து இயந்திரத்துக்கு நேரம் கிடையாது. சிக்கனம்தான் காரணம். நம் பிழையை மன்னிக்க வேண்டும் என்று யாரும் அன்று திட்டமிடவில்லை. ஆனால் மன்னிப்பு அப்படித்தான் உள்ளே நுழைந்தது.

சிபிஎம்மில் பதிவின் முதல் பைட் பயனாளரின் எண். பெயர் அதற்கு அடுத்த பைட்டிலிருந்துதான் தொடங்கும். அதனால் அங்கே 229 விழுந்தாலும் கோப்பின் பெயருக்குச் சேதமில்லை. தலையை வெட்டும் வழக்கம் அடுத்த வீட்டில் தொடங்கியது.

1980-இல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர் 86-டாஸ் எழுதினார். சிபிஎம்முக்கு எழுதிய மென்பொருள்களைச் சுலபமாக மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் பல விஷயங்களில் சிபிஎம்மின் சாயலையே வைத்துக்கொண்டார். 229-ஐயும் வைத்துக்கொண்டார். ஆனால் கோப்பு எங்கெங்கே சிதறியிருக்கிறது என்று கணக்கு வைக்கும் முறையை மைக்ரோசாஃப்ட்டின் பேசிக் மொழிக்காக மார்க் மெக்டொனால்ட் 1977-இல் உருவாக்கிய ‘ஃபேட்’ அட்டவணையிலிருந்து எடுத்தார். இந்தப் பதிவில் பயனாளர் எண் இல்லை. முதல் பைட்டிலேயே பெயர் தொடங்கிவிடுகிறது. அங்கேதான் 229 விழ வேண்டும். பெயரின் முதல் எழுத்து பலியானது இப்படி. அந்த 86-டாஸ்தான் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போய், 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியோடு டாஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது.

போன இடத்திலெல்லாம் அது ஒழுங்காக இருந்ததா என்றால், ஜப்பானில் சிக்கிக்கொண்டது. ஜப்பானியக் காஞ்சி எழுத்துகளைக் கணினியில் எழுத இரண்டு பைட் வேண்டும். அவர்கள் வைத்திருந்த முறையில் சில எழுத்துகளின் முதல் பைட்டே 229. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை ஒருவர் தன் கோப்புக்கு வைத்தால், பெயர் சூட்டிய கணமே கோப்பு அழிந்ததாகிவிடும். தீர்வாக, அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் வந்தால் 229-க்குப் பதில் 5 என்று எழுதிவை, படிக்கும்போது அதை 229 என்று மாற்றிப் படி என்று ஒரு விதி சேர்த்தார்கள். ஃபேட் முறையின் விதிநூலில் இன்றும் அந்த வரி இருக்கிறது. பிற மொழிக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்போதுதான் ஒரு வீட்டின் அமைப்பு தெரிகிறது. தமிழ் வந்து தட்டியபோது என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

229 எழுதிய எழுத்தை மறுபடி திருத்தி எழுதலாம் என்று முதலில் ஊரறியச் செய்து காட்டியவர் பீட்டர் நார்ட்டன். பெரிய கணினிகளில் வேலை பார்த்த நிரலாளர். புதிதாக வாங்கிய ஐபிஎம் பிசியில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டார். அதில் இருந்ததையெல்லாம் மறுபடி தட்டெழுதுவதற்குப் பதிலாக, தட்டிலிருந்தே அதை மீட்கும் ஒரு நிரலை எழுதினார். நண்பர்கள் கேட்டார்கள், கொடுத்தார். 1982-இல் அது நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற தொகுப்பாக விற்பனைக்கு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவர் படம் போட்ட பெட்டியை அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிரல் செய்தது எளிமையான வேலை. பெயர்ப்பட்டியலில் 229 விழுந்த பதிவுகளைத் தேடி எடுக்கும். முதல் எழுத்தின் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டும். இந்தக் கோப்பின் முதல் எழுத்து என்ன என்று நம்மைக் கேட்கும். கம்ப்யூட்டருக்குத் தெரியாத அந்த ஒன்று நமக்குத்தான் தெரியும். ‘கே’ என்று நாம் ஓர் எழுத்தைத் தட்டினால் ஓலம் மறுபடி கோலமாகும். 1991-இல் வந்த எம்எஸ் டாஸ் 5.0-இல் இந்த வேலைக்கென்றே ‘அன்டெலீட்’ என்ற கட்டளை கூடவே வந்துவிட்டது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது எல்லோருக்கும் பொதுவானது.

இதில் ஒரு குறை இருந்தது. கோப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது பதிவில் இருக்கும். ஆனால் முதல் துண்டுக்கு அடுத்த துண்டு எங்கே என்பதைச் சொல்வது ஃபேட் அட்டவணையின் சங்கிலி. அழிக்கும்போது அந்தச் சங்கிலியைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். மீட்கும் நிரல், துண்டுகள் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் என்று நம்பித்தான் எடுக்கிறது. இருந்தால் முழுசாக வரும். சிதறியிருந்தால் பாதி வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் கோலங்களில் ஒன்று இதில் மாட்டிக்கொண்டது.

1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது இரண்டு மாற்றங்கள். ஒன்று, குப்பைக்கூடை, ஆப்பிளில் ஏற்கெனவே இருந்தது, விண்டோஸுக்கு அப்போதுதான் வந்தது. இன்னொன்று எனக்கு நெருக்கமானது. எட்டு எழுத்துக்குள் பெயரைச் சுருக்க வேண்டிய தொல்லை போய், நீளப் பெயர் வைக்க வழி பிறந்தது. பழைய பதிவு அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் துணைப்பதிவுகளைச் சேர்த்து நீளப் பெயரை எழுதினார்கள். ஒரு துணைப்பதிவில் 13 எழுத்து. அவை யூனிகோட் எழுத்துகள் என்பதால் தமிழிலும் பெயர் வைக்கலாம். ‘அம்மா’ என்று தமிழில் பெயரிட்ட ஒரு படத்தையும் அதே பென்டிரைவில் போட்டு அழித்துப் பார்த்தேன். இங்கேயும் 229 வந்து விழுந்திருந்தது. ஆனால் துணைப்பதிவின் முதல் பைட்டில் இருப்பது பெயரல்ல, இது எத்தனையாவது துணைப்பதிவு என்ற வரிசை எண். 229 அதன் மேல் விழுந்தது. அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என்று அம்மா முழுசாக இருந்தாள், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

இப்போது அம்மாவின் கார்டுக்கு வருகிறேன். 8 ஜிபி கார்டு. 32 ஜிபி வரையிலான இத்தகைய கார்டுகளில் இன்றும் ஃபேட்தான். 1977-இன் அட்டவணையும் 1973-இன் எண்ணும் மார்கழிக் கோலத்தைக் காத்துக்கொண்டிருந்தன என்று நினைக்கவே எனக்குச் சிலிர்த்தது. கார்டை நேரடியாகக் குடையக் கூடாது என்பது முதல் பாடம். அதன் எல்லாப் பைட்டுகளையும் லேப்டாப்பில் ஒரே பெரிய கோப்பாக நகலெடுத்துக்கொண்டேன். இனி எந்தத் தப்பு நடந்தாலும் நகலுக்குத்தான். அதை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, 229 விழுந்த 29 பதிவுகளைத் தேடினேன்.

இல்லை. ஒன்றுகூட இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் அழித்தது ஃபோல்டரையே. பொங்கலன்று காலை அம்மா பொத்தானை அழுத்தியபோது கேமரா தன் ஃபோல்டரைத் தேடிப் பார்த்து, காணோம் என்று அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. அதற்கு முதல் காலி மனையை ஒதுக்கியிருக்கிறது. அந்த மனை, பழைய ஃபோல்டரின் பெயர்ப்பட்டியல் இருந்த இடம். 29 பெயர்களும், 29 தொடக்கங்களும், அவற்றின் தலையில் இருந்த 229-களும் ஒரே கணத்தில் போய்விட்டன. அடுத்த காலி மனையில் பொங்கல் கோலத்தின் படம் ஏறியிருந்தது. அங்கே முன்பு இருந்தது மார்கழி முதல் நாள் கோலம். நேற்றைய கோலத்தைத் தெளித்துவிட்டு இன்றைய கோலத்தைப் போடும் வாசலில் நடப்பதேதான் கார்டிலும் நடந்திருக்கிறது.

டேட்டா ரெக்கவரி என்று பலகை வைத்த கடைகளில் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சாதனமே உடைந்துபோயிருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், அவர்களிடம் போகத்தான் வேண்டும். அது நுண்ணிய கைவேலை, கேட்கும் காசுக்கு நியாயம் உண்டு. சாதனம் நன்றாக இருந்து கோப்பு மட்டும் அழிந்ததென்றால், வீட்டிலேயே முயன்று பார்க்க இலவச மென்பொருள்களே நிறைய இருக்கின்றன. பிரிஃபார்ம் நிறுவனத்தின் ரெக்குவா 2007-இலிருந்து இருக்கிறது. மைக்ரோசாஃப்டே 2020-இல் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்ற ஒன்றை விலையில்லாமல் வெளியிட்டது. கட்டளைகளைத் தட்டெழுத வேண்டும், அவ்வளவுதான். பெயர்ப்பட்டியலே போய்விட்ட என் நிலைமைக்கு நான் எடுத்தது ஃபோட்டோரெக். பிரான்ஸ் நாட்டுக்காரரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. 1998-இல் டெஸ்ட்டிஸ்க், 2002-இல் ஃபோட்டோரெக். இரண்டுமே கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் இதைப் பராமரித்துக்கொண்டே இருக்கிறார். எத்தனை வீடுகளின் கல்யாணப் படங்கள், எத்தனை மாணவர்களின் ஆய்வேடுகள் அவர் கைவழியாகத் திரும்பி வந்திருக்கும்!

ஃபோட்டோரெக்குக்கு 229 தேவையே இல்லை. பெயர்ப்பட்டியலை அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. கார்டின் முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போகிறது. 8 ஜிபி என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பிரிவுகள். எந்தக் கோப்புக்கும் முகம் என்று ஒன்று உண்டு. ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று பைட் 255, 216, 255. முடியும்போது 255, 217. இப்படி 480-க்கும் மேற்பட்ட கோப்பு வகைகளின் முக அடையாளங்கள் அதற்குத் தெரியும். கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ஜாடையை வைத்தே நம் வீட்டுப் பிள்ளையைக் கண்டுபிடிக்கிற மாதிரி. இந்த வித்தை குற்றப்புலனாய்விலிருந்து வந்தது. அமெரிக்க விமானப்படையின் சிறப்புப் புலனாய்வு அலுவலகத்தில் இருந்த கிரிஸ் கென்டால், ஜெசி கோர்ன்ப்ளம் இருவரும் எழுதிய ஃபோர்மோஸ்ட் என்ற மென்பொருளும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அழகென்று எதுவும் இல்லை. எங்கே சேமிக்க என்று கேட்டபோது லேப்டாப்பின் டிரைவைக் காட்டினேன். மீட்ட கோப்பை மீட்கும் கார்டிலேயே போடுவது, தோண்டிய மண்ணைக் கிணற்றுக்குள்ளேயே கொட்டுவது. வேலை தொடங்கியது. ஜேபிஜி என்ற வரிக்கு எதிரே 1 என்று வந்தது. அது பொங்கல் கோலமாகத்தான் இருக்கும். பிறகு 2. பிறகு 3. அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

“ஒவ்வொண்ணும் ஒரு கோலமாடி?”

“ஆமாம்மா.”

“போனா போகுதுடி. கோலம்னாலே மறுநாள் அழியறதுதானே.” சொன்னாளே தவிர, நகரவில்லை. எண் 20-ஐத் தாண்டியபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

29-இல் நின்றது. பொங்கலைக் கழித்தால் 28. மார்கழி முதல் நாள் வரவில்லை, வர வழியும் இல்லை. மீண்டு வந்த படங்களுக்குப் பழைய பெயர்கள் கிடையாது. ஃபோட்டோரெக் தானே ஒரு பெயர் வைக்கிறது: ‘எஃப்’ என்று ஓர் எழுத்து, அதன் பின்னால் அந்தப் படம் கார்டில் எந்தப் பிரிவில் கிடைத்ததோ அந்த எண். பெயர் தெரியாதவரை ஊரை வைத்துத் திருவாரூர்க்காரர் என்று கூப்பிடுவோமே, அந்த மாதிரி. ஆனால் படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைத்த தேதியும் மணியும் இருக்கும். அதை வைத்து அடுக்கினேன். 5.40, 5.35, 5.52. அம்மா எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வாசலில் நின்றாள் என்று வரிசையாகத் தெரிந்தது. வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் 3.50.

இதே வித்தை மறுபக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய பொருளாக விற்பனைக்கு வந்த 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்து, 2003-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைத்திருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. விற்றவர்கள் அழித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பழைய லேப்டாப்பையும் பென்டிரைவையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. கொடுப்பதற்கு முன் முழுக்க மேலெழுதித் துடைக்க வேண்டும். டெலீட் போதாது.

229-இன் ராஜ்ஜியம் இப்போது சுருங்கி வருகிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் முறைக்குப் போய்விட்டன. அங்கே அழிக்கும்போது பெயரில் கை வைப்பதில்லை. பதிவின் வகையைச் சொல்லும் 133 என்ற எண்ணில் ஒரே ஒரு பிட்டை அணைத்து 5 ஆக்கிவிடுகிறார்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையிலும் ஒரு பிட்தான் மாறுகிறது. இவற்றிலிருந்தும் மீட்கலாம். மீட்க முடியாமல் செய்வது வேறொன்று. லேப்டாப்பில் இப்போது இருக்கும் எஸ்எஸ்டி, ஏற்கெனவே எழுதிய இடத்தில் நேரடியாக மேலெழுத முடியாத சாதனம். முதலில் ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத் துடைத்தாக வேண்டும். அதனால் எந்த இடம் காலி என்பது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பை அழித்ததும் ‘இந்த மனை காலி’ என்று எஸ்எஸ்டியிடம் சொல்லும் டிரிம் என்ற கட்டளை போகிறது. அது தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். பதிவேட்டில் எழுதிய அன்றே புல்டோசர் வந்துவிடுகிறது. கைபேசியிலோ உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்தவை. சாவி போனால் மிஞ்சுவது வெறும் குப்பை எண்கள். கைபேசியில் அழித்த படத்தை மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் செயலிகளிடம் காசைக் கொடுக்கும் முன், கேலரியின் ‘சமீபத்தில் அழித்தவை’ பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஐஃபோனில் 30 நாள் வரை அங்கே காத்திருக்கும்.

எங்கள் வீட்டு 28-இல் ஒன்று முழுசாக இல்லை. மார்கழி 17-ஆம் நாள் கோலம். மேல் பாதியில் செம்மண் கரை, புள்ளிகள், தாமரை இதழ்கள், எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்று, கீழே வெறும் சாம்பல் நிறம். ஜேபெக் படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவது. கிடைத்தவரை வரையும், அதற்கப்புறம் வரைய எதுவும் இருக்காது. ஏன் என்று அம்மாவிடம் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. அதற்கு முன் ஒருநாள் கை ஆடிப்போய் மங்கலாக விழுந்த ஒரு படத்தை அவளே கேமராவில் அழித்திருக்கிறாள். அந்தச் சின்னக் காலி இடத்தில் 17-ஆம் நாள் படத்தின் தலைப்பகுதி போய் உட்கார்ந்து, மீதி இடம் போதாமல் தள்ளி வேறெங்கோ ஏறியிருக்கிறது. அந்த வேறெங்கோ எங்கே என்று சொல்லும் சங்கிலி என் ஒரு டெலீட்டில் பூஜ்யமாகிவிட்டது. இரண்டு இரவு தேடினேன். வால் பகுதிக்கு முகம் கிடையாது, அதனால் அடையாளம் காண முடியவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். மேல் ஓரத்திலிருந்து சாம்பல் தொடங்கும் இடம்வரை புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து என்று போய்ப் பதினைந்தில் விரல் நின்றது.

“பதினஞ்சு புள்ளி, எட்டு வரைக்கும் இடுக்குப் புள்ளி. மேலே என்னவோ அதேதாண்டி கீழேயும்.”

மறுநாள் விடியலில் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வாசல் தெளித்து ஈரமாக இருந்தது. அம்மா புள்ளி வைத்து முடித்து, நடு வரிசைக்குக் கீழே இருக்கும் இதழ்களை முதலில் போட்டுக்கொண்டிருந்தாள். கேமரா திண்ணையில் இருந்தது. பால்காரர் இன்னும் வரவில்லை.